பெட்டியின் மேல் போட்ட பழி

சுபா,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். "இங்கிலீஸ்ல வாட்ஸ்அப்ல போட்டா அவ ரெண்டு நிமிசத்துல வாசிச்சிருவா. எதுக்கு இந்தப் பாடு படுதிய?" என்று உன் அம்மா கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பருப்பு வைக்கப் போய்விட்டாள். பதில் இதுதான்: நீ இதை வேகமாக வாசித்துவிடக் கூடாது. முப்பத்தைந்து வருஷம் மும்பை லோக்கல் ரயில் ஓட்டியவன் நான். எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதிலும் ஒரு நாள் தவறினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பேட்டைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு "ரயில்வே அனுபவம் ஏதாவது எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று செயலாளர் மூன்று மாதமாக நச்சரிக்கிறார். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன். பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னவன், உண்மையை மட்டும் உன் காதில் கிசுகிசுத்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் இதில் உன் கதையும் கொஞ்சம் வருகிறது. நீ சரி என்றால்தான் அது அச்சுக்குப் போகும். வேண்டாம் என்றால் உன் பகுதியை எடுத்துவிட்டு என் மானத்தை மட்டும் அச்சடிக்கச் சொல்கிறேன்.

விஷயம் விமானம்தான். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. விமானத்தை நடத்தும் கம்ப்யூட்டருக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது உன் வேலை. அந்தப் பத்து வருஷத்தில் உன் அம்மா பதினோரு தடவை பறந்து வந்து உன்னைப் பார்த்துவிட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே கிளம்பி, ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவேன். அதற்குள் அம்மாவும் நீயும் கடைத்தெரு முழுக்கச் சுற்றி முடித்திருப்பீர்கள். "அரே அப்பா, நான் டெஸ்ட் பண்றதுல நீங்களே ஏற மாட்டேன்னா மத்தவங்க எப்படி ஏறுவாங்க?" என்று ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே கேட்பாய். "ரயில்காரன் ரயில்லதான் போவான்" என்று நானும் சிரித்து மழுப்புவேன்.

ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய். பழைய விமானங்களில் விமானி கைப்பிடியை இழுத்தால் கம்பியும் உருளையுமாக வால்வரை அந்த இழுப்பு போய்ச் சேருமாம். இப்போது அப்படி இல்லை. விமானி கையால் சொல்வது மின்சாரச் செய்தியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. எவ்வளவு திருப்பலாம், எவ்வளவு தூக்கலாம் என்று கணக்குப் பார்த்து அதுதான் இறக்கையை அசைக்கிறது. விமானி அவசரத்தில் அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினாலும் அது விடாது என்றாய். "அப்ப டிரைவர் சொல்லுதத கேக்காதா?" என்று நான் எகிறினேன். நீ பொறுமையாக, ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல இருக்கின்றன, வேறு வேறு ஆட்கள் செய்தவை, ஒன்று உளறினால் மற்றவை அதை ஓரங்கட்டிவிடும் என்றாய். எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உன் நிச்சயதார்த்தத்தன்று மாதுங்கா ஹாலில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். ஒரே ரக விமானம் இரண்டு, சில மாத இடைவெளியில் விழுந்து நொறுங்கியிருந்த சமயம் அது. ஒரே ஒரு உணர்கருவி தப்பாகச் சொன்னதை நம்பி, கம்ப்யூட்டர் மூக்கைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே இருந்ததாகப் பேப்பரில் எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம், "பொண்ணு என்ன வேல பாக்கா?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏரோப்ளேன மூக்குக் குப்புறத் தள்ளுத பெட்டி இருக்குல்லா, அதுக்குப் பரீட்சை வைக்கிற டீச்சரம்மா" என்றேன். பந்தியே சிரித்தது. நீ எதிர்வரிசையில் இருந்தாய். பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனாய்.

உனக்கும் அந்த விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகு நீ என்னிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சாப்பிட்டீங்க, முட்டுவலி எப்படி இருக்கு, அம்மாகிட்ட குடுங்க. ஆறு வருஷமாக நம் பேச்சு அவ்வளவுதான். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு ஆறு வருஷம் பிடித்திருக்கிறது. மன்னித்துக்கொள், சுபா.

கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்பதை இப்போது சொல்கிறேன். நீ இரண்டாம் வகுப்பு படித்த காலம். நாம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் ரயில்களில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். அடுத்தது சிவப்பு, வேகத்தைக் குறை என்று சொல்லும் மஞ்சள் சிக்னலைத் தாண்டினால் அது பீப் என்று கத்தும். ரயிலை ஓட்டும் மோட்டார்மேன் ஒரு பொத்தானை அழுத்தி, பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டாலும் சரி, அழுத்திவிட்டு வேகத்தைக் குறைக்காவிட்டாலும் சரி, அது தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும். எங்கள் ரயிலில் வேறொரு ஏற்பாடும் உண்டு. கைப்பிடியை எந்நேரமும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் ரயில் நின்றுவிடும். அதை நான் ஒருநாளும் அவமானமாக நினைத்ததில்லை, செத்துப்போகிறவனுக்கான ஏற்பாடுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்தப் பெட்டி உயிரோடு இருக்கிற என்னைச் சந்தேகப்பட்டது. தாராவியில் ஒற்றை அறை வீட்டில் பிறந்து, பரீட்சை எழுதித் தேறி, எட்டுத் தெருவுக்கும் "மோட்டார்மேன் வீடு" என்று அடையாளமாகிப்போனவனுக்கு அது பொறுக்கவில்லை.

ஜூலை மாதம். காலை நேரம். கொட்டுகிற மழையில் குர்லாவை விட்டுக் கிளம்பினேன். கூட்டம் வாசலுக்கு வெளியேயும் தொங்கிக்கொண்டு வந்தது. அங்கே நான்கு பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிக்னல். கண்ணாடியில் தண்ணீர் வழிய, பக்கத்துப் பாதையின் பச்சையை என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். என்னுடையது மஞ்சள். பெட்டி பீப் என்று கத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுத்தினேன். கத்தினால் அழுத்துவது என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. ஏன் கத்துகிறது என்று மனம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. அடுத்த நொடி பெட்டி பிரேக்கை இழுத்தது.

ரயில் கிறீச்சிட்டு நின்றது. துடைப்பான் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது. முன்னால் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு அப்பால் இன்னொரு லோக்கல் நின்றுகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி வாசலில் தொங்கியவர்கள் முகங்கூடத் தெரிந்தது. ஒருவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் டிபன் பையை மழை படாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் ரயிலிலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "சாலா, பிரேக் எப்படிப் போடுறான் பாரு" என்று திட்டியிருப்பார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டி இல்லையென்றால் உன் அப்பன் பெயர் பேப்பரில் வந்திருக்கும்.

டூட்டி முடிந்து, ரயில்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டுக்குப் போனேன். அங்கே பழுதுப் புத்தகம் ஒன்று உண்டு. ரயிலில் எது சரியில்லையோ அதை மோட்டார்மேன் எழுதுவான். டெக்னீஷியன் சோதித்துச் சரிசெய்து கையெழுத்துப் போடுவான். எங்கள் வேலையே அந்தப் புத்தகத்தில் நான் எழுதுவதை டெக்னீஷியன் நம்புவதும், அவன் போடும் கையெழுத்தை நான் நம்புவதும்தான். அதில் நான் எழுதினேன்: "வேகம் சரியாக இருந்தபோதே எச்சரிக்கைப் பெட்டி காரணமில்லாமல் பிரேக் போட்டது. பெட்டி பழுது." தயங்காமல் எழுதினேன். உண்மையை எழுதினால் விசாரணை, தண்டனை, மறுபடி பயிற்சி. எல்லாவற்றையும்விட, ஷெட்டில் நாலு பேர் பார்க்கிற பார்வை. அதற்குத்தான் பயந்தேன்.

பெட்டியைச் சோதித்தவர் சாவந்த் என்ற டெக்னீஷியன். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சோதித்தேன், சரியாக இருக்கிறது" என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் என்ன கோபம், பயம்தான். அதிகாரி முன்னால் நின்று, "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று சத்தம் போட்டேன். என் வேகம் எவ்வளவு என்பதற்கு வேறு பதிவு கிடையாது, என் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை மட்டும்தான். மற்ற மோட்டார்மேன்களும் என் பக்கம் நின்றார்கள். சரியாகச் சோதிக்கவில்லை என்று சாவந்தைப் பெட்டி வேலையிலிருந்து எடுத்துச் சக்கரப் பிரிவில் போட்டார்கள். நான் வீட்டுக்கு ஜிலேபி வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, "பெட்டிய ஜெயிச்சிட்டேன்" என்றேன். நீ இரண்டு ஜிலேபி தின்றாய்.

அப்புறம் நான் பெட்டி கத்தினால் பார்க்காமல் அழுத்தியதே இல்லை. நல்ல மோட்டார்மேன் என்று பேர் எடுத்துத்தான் ஓய்வு பெற்றேன். ஆனால் கம்ப்யூட்டர், பெட்டி, தானியங்கி என்று யார் பேச்செடுத்தாலும் முதல் ஆளாய்த் திட்டுவேன். திட்டாவிட்டால் அன்றைக்கு எழுதியது பொய் என்று ஆகிவிடுமே. உன் வேலையைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அதில் வந்ததுதான். கடைசியில் உன்னைப் போட்டுச் சாத்தியிருக்கிறேன்.

இனி உன் கதை. மூன்று வாரத்துக்கு முன் நீ அம்மாவுக்குப் போன் செய்தாய். காது சரியாகக் கேட்காததால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள், அது உனக்குத் தெரியாது. நான் வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் பண்ணின தப்பு. ஒரு சேஞ்ச் வந்த பிறகு மறுபடி டெஸ்ட் ஓட்டணும். ஒண்ணே ஒண்ண ஓட்டாம, பழைய ரிசல்ட்டப் பாத்து பாஸ் போட்டுட்டேன். மூணு மாசம் கழிச்சு நானே கண்டுபிடிச்சேன். யாருக்கும் தெரியாது. நானே மேனேஜருக்கு எழுதிட்டேன்" என்றாய். நல்ல வேளை, அது இன்னும் எந்த விமானத்துக்கும் போகவில்லை என்றாய். உன்னால் எல்லோருக்கும் வேலை ஆறு வாரம் தள்ளிப்போனது, கூட இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாய், மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறாய் என்றாய். பிறகு அழுதாய். கடைசியில் ஒன்று சொன்னாய்: "அப்பாக்குச் சொல்லாதம்மா. நான் அன்னைக்கே சொன்னேன்லன்னு சிரிப்பாரு."

பேப்பரை மடித்து வைத்தேன். மகள் அழுகிற நேரத்தில் அப்பன் சிரிப்பான் என்று நினைக்கும்படி வைத்திருக்கிறேனே, நானெல்லாம் என்ன அப்பன்? அம்மா வந்து பார்த்துவிட்டு, "கேட்டுட்டியளா?" என்றாள். தலையாட்டினேன். "ஏதாச்சும் கிண்டல் பண்ணுனிய, நடக்குறதே வேற" என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் அந்த ஜிலேபியின் கதையைச் சொன்னேன். இருபத்தேழு வருஷம் கழித்து. அவள் கேட்டு முடித்து, "அந்த மனுசன் இப்ப எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய சகாக்களிடம் விசாரித்தேன். தாணேயில் இருந்தார். போன ஞாயிறு சாயங்காலம் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆயியே மோட்டார்மேன் சாப்" என்று உள்ளே கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் மனைவி டீ கொண்டு வந்து வைத்தார்கள். நான் அதைத் தொடாமல், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்தியும் மராத்தியுமாக அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மூணு தடவ சோதிச்சேன். பெட்டி சரியா இருந்துச்சு. நீங்க பொய் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"சக்கரத்துல போட்டுட்டாங்களே. என்னாலதானே?"

"சக்கரத்துல ஒண்ணும் கஷ்டம் இல்ல. ரெண்டு வருஷத்துல திரும்பப் பெட்டிக்கே வந்துட்டேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் தப்பு." டீயை என் பக்கம் நகர்த்தினார். "பெட்டி பழுதுன்னு எவன் எழுதினாலும் நான் சோதிக்கிறத விட்டுட்டேன். சரியா இருக்குன்னு வந்தா என்னை யார் நம்பப்போறாங்க? வேற பெட்டிய மாட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பிருவேன். எது நிஜமாப் பழுதாச்சு, எது பொய்க்கு எழுதினது, எனக்கே தெரியாது. புது மாதிரிப் பெட்டி வர்ற வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். நீங்க உக்காந்து ஓட்டுன ரயில்லயும் அப்படித்தான்."

ஒரு பொய் எழுதினேன், ஒருவருக்கு இடமாற்றம் ஆனது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தையே நான் பாழாக்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "இருபத்தேழு வருஷம் லேட். உங்க ரயில் என்னைக்குத்தான் டயத்துக்கு வந்துச்சு?" என்று சொல்லிச் சிரித்தார் மனுஷன். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. இப்போது திடீரென்று ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ண விடச் சொல்லாதீங்க. அது எழுந்து போனா, அந்த நாற்காலியில உங்கள மாதிரி ஒருத்தன் வந்து உக்காருவான்" என்றார்.

திரும்பி வரும்போது கூட்டம் இல்லாத லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. மனது பல வருஷம் கழித்து லேசாக இருந்தது, சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தது. குர்லாவில் மாறி நம் செம்பூர் வந்ததும் அம்மாவுக்குச் சூடாக வடா பாவ் வாங்கிப் போனேன். "என்னங்க, முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு" என்றாள்.

இப்போது நீ என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் ஓட்டும் விமானத்தில் ஏறலாமா? மும்பையில் காலை எட்டு மணிக்கு ரயில் வாசலில் தொங்கிப் போகிற ஊர்க்காரர்கள் இதைக் கேட்பதே வேடிக்கை. ஏறலாம். பெட்டி என்னைவிட நன்றாகப் பார்க்கும். மழையில் அதற்குக் கண் மறைக்காது, பதவி போகுமே என்ற பயம் அதற்குக் கிடையாது. அதுவும் தவறும். ஒரே ஒரு கருவியை நம்ப வைத்தால் ஆளை விழுங்கும், அதைத்தான் அந்த இரண்டு விமானத்திலும் பார்த்தோம். அங்கேயும், பெட்டி இப்படிச் செய்யும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சரியாகச் சொல்லி வைக்கவில்லை என்று படித்தேன். எங்கேயோ யாரோ சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். உன் பாடத்தை நான் இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன், சுபா. பல கம்ப்யூட்டர் வைக்கிறார்கள், ஒன்றை ஒன்று சரிபார்க்கிறது, எல்லாம் சரி. அதற்குள் போகிற ஒவ்வொரு வரியையும் ஒரு மனுஷி சோதித்து "சரி" என்று எழுதுகிறாள். அந்தச் "சரி" நிஜமாக இருக்க வேண்டும்.

என்னைக் கேள்வி கேட்க ஒரு ஷெட்டே இருந்தது, நான் பொய் எழுதினேன். உன்னை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் ஓடிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் உனக்கு ஒரு தொல்லையும் இல்லை. நீயாகப் போய், நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். எட்டி சுபா, நீ யாரைக் கொண்டு பிறந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. நிச்சயமாக என்னைக் கொண்டு இல்லை. எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதை ஒருநாளும் உன் முகத்துக்கு நேரே சொல்லாத கழுதையாக இருந்திருக்கிறேன். கூட இருப்பவர்கள் ஆறு வாரத்துக்குக் கடுகடுப்பார்கள், கடுகடுக்கட்டும். இனிமேல் நீ "சரி" என்று எழுதினால் அவர்கள் இன்னொரு தடவை யோசிக்க வேண்டியதில்லை. அது அவர்களுக்கே மெல்லத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஆமாம், எனக்கும்தான். கவுண்ட்டரில் வரிசையில் நின்று போடுகிற டிக்கெட் இல்லையாமே, அம்மாதான் போனில் தட்டிப் போட்டாள். பெல்ட் எப்படிப் போடுவது, காது அடைத்தால் என்ன செய்வது என்று மூன்று நாளாக எனக்கு டியூஷன் எடுக்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏறுவேன். உன்னை மாதிரி ஒருத்தி அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் ஏறுகிறேன்.

அதனால் கேள். அதற்குள் நீ அந்த ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாய் என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமை அம்மா மட்டும்தான் வருவாள். நான் ஏற மாட்டேன்.

அப்பா